முடுக்கு

காரைக்குடி கல்லுக்கட்டிக்குப் பின்னால்
ஆஃப்செட் அச்சகத்தின் மாடியில்
எழுத்துகளை ஒல்லியாக்குவது என் வேலை.

ஒல்லியாக்குவது வேறு, நசுக்குவது வேறு.
அகலம் எழுபது சதவீதம் என்று தட்டினால்
எழுத்து ஒடுங்கிவிடும்தான்;
நிற்கிற கோடெல்லாம் நோஞ்சானாகி
படுத்த கோடு மட்டும் தடித்துக் கிடக்கும்,
பட்டினி கிடந்தவன் இடுப்பில்
பழைய பெல்ட் மாதிரி.

அதனால் ஒவ்வொன்றையும் மறுபடி வரைகிறேன்.
'ட' சமர்த்து. பிறவியிலேயே பாதி காலி.
'ப' இரண்டு சுவர், ஒரு தரை;
சுவரைத் தள்ளிவைத்தால் முடிந்தது.
'ண'தான் பத்து நாள் தூங்கவிடவில்லை.
மூன்று சுழி. ஒன்றைக் குறைத்தால்
மணம் மனமாகிவிடும்.
"பத்திரிகையில ரெண்டுமே ஓடும்க்கா"
என்றான் பைண்டிங் செல்லையா.

கோடு முடிகிற இடத்தில்
எள்ளளவு பாதம் வைத்தேன்.
பாதம் இல்லாத ஒல்லி எழுத்துகள்
நெருங்கி நின்றால் கம்பிவேலி,
கண் வரியைப் பிடிக்காமல் வழுக்கும்.

உள்ளே எவ்வளவு வெள்ளை விடுவது?
வேலைக்கு வரும் வழியில் கிடைத்தது விடை:
இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவில்
சைக்கிள் ஒன்று, கைப்பிடி உரசாமல்
போகிற முடுக்கு.
அதற்கும் குறைந்தால் மை அடைத்துக்கொள்ளும்.
எழுத்துருவுக்குப் பெயரும் அதுவே ஆயிற்று.

தேவகோட்டை திருவாடானை தொண்டி என்று
மூச்சுவிடாமல் ஓடும் பஸ்ஸின் நெற்றிக்கு ஆகும்.
முதுகு மட்டும் காட்டி நிற்கும் புத்தகத்துக்கு ஆகும்.
ஒற்றைப் பத்தித் தலைப்புக்கு,
அதுவும் அமைச்சர் பெயர் நீளமென்றால், கட்டாயம்.
மருந்துச் சீட்டில் போட்டுவிடாதீர்கள்.
நீளக் கதையை இதில் அடித்துக் கேட்டவரிடம்
கண் டாக்டர் விலாசம் கொடுத்தனுப்பினேன்.

ஆளுக்கு முன்னால் நான்கு தலைப்பெழுத்து
நடந்துவரும் ஊர் இது.
மெ.சுப.வீர.கரு. வயிரவன் வந்தார், மகளோடு.
நாற்பத்தாறு பெயர், ஒரே பக்கம்,
ஒன்றுகூட இரண்டு வரியாக உடையக் கூடாது.
"மூத்தவ கல்யாணத்துல இடம் பத்தாம
ஒரு பேர் விட்டுப்போச்சு" என்றார்.
யார் பெயரென்று சொல்லவில்லை.

முடுக்கில் அடித்துக் காட்டினேன்.
நாற்பத்தாறும் நின்றன.
அடியில் ஒரு வரி வெள்ளையாக மீந்தது.

விரலால் அளந்து பார்த்தார்.
"எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்களேன்."
"பெருசாக்கினா உங்க பேர் உடையும்."
"அப்ப ஒரு பூப் போடுங்க."

"உண்ணாமலைச் சித்தி"
என்றாள் தேனாள்,
செல்போனிலிருந்து தலையெடுக்காமல்.

கீழே இயந்திரம் தாள் எண்ணிக்கொண்டிருந்தது.
அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.
என்னைக் கேட்டார்:
"அகலமான பேராச்சே, அடங்குமா?"

உ, ண், ணா, ம, லை.
தமிழின் குண்டு எழுத்தெல்லாம்
ஒருத்தியிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன.
அடித்தேன்.
ஒன்பது சுழியோ எத்தனையோ,
ஒன்றின் தோள் ஒன்றில் படாமல்
அரை வரியில் வந்து நின்றாள்.

"இன்னும் இடம் இருக்கே" என்றாள் தேனாள்.
"ஜெபராஜ் சித்தப்பா."

வயிரவன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
துடைத்ததையே துடைத்தார்.
"ஒரு நாளைக்கு ஒண்ணு" என்றார்.
"மத்தது அடுத்த ப்ரூஃபுல பாப்போம்."

படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு
பூ ஏதும் வைக்காமல்
உண்ணாமலைக்குப் பக்கத்தில்
ஒரு சைக்கிள் போகிற அளவு வெள்ளையும்
அதற்கப்பால் ஒரு பெயரின் நீளமும் விட்டு
கோப்பைச் சேமித்தேன்.